3டி மேமோகிராம்தான் எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 43. அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கடந்த ஆண்டு முழு உடல் பரிசோதனைத் திட்டம் ஒன்றில் மேமோகிராம் எடுத்தேன். அறிக்கையில் ‘பை-ராட்ஸ் 1, அடர்த்தி சி’ என்று இருந்தது. நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த ஆண்டு அதே மையத்தில் 3டி மேமோகிராம் வந்திருக்கிறதாம். அதில்தான் எல்லாம் தெரியும், பழையது வீண் என்கிறார்கள். கட்டணம் ஏறக்குறைய இரு மடங்கு. என் சக ஆசிரியையோ, கதிர்வீச்சு எதற்கு, ஸ்கேன் போதும் என்கிறார். பள்ளியில் நடந்த முகாமில் உடலைத் தொடாமலே வெப்பக் கேமராவில் படம் எடுத்து, பிரச்சினை இல்லை என்று தாள் கொடுத்தார்கள். மாமியாருக்கு 58 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்திருக்கிறது. அதனால் எனக்கும் பயமாக இருக்கிறது. எதை நம்புவது? இன்னொன்று: இரண்டு மாதமாக இடது மார்பில் அக்குள் ஓரமாக ஒரு தடிப்பு போலத் தட்டுப்படுகிறது. வலி இல்லை. போன வருடப் படம் நார்மல் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். 3டியா 2டியா என்ற கேள்விக்கான பதில் ஒரு மாதம் கூடப் பொறுக்கும். அந்தத் தடிப்பு பொறுக்காது.

ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குச் செய்யும் சோதனை. கையில் ஏதோ தட்டுப்படுகிறது என்றவுடன் நீங்கள் அந்த வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள். இனி உங்களுக்குத் தேவைப்படுவது நோயறிதல். முதலில் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் கையால் பார்க்க வேண்டும். பிறகு அந்த இடத்தைக் குறிவைத்து, மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் எடுக்க வேண்டும். படத்திலோ கையிலோ சந்தேகம் இருந்தால் ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் திசு எடுத்துச் சோதிப்பது. கை சொல்வதும் படம் சொல்வதும் பயாப்சி சொல்வதும் ஒத்துப்போனால்தான் மருத்துவர் கோப்பை மூடுவார். போன வருடப் படத்துக்குப் போன வருடம் இருந்தது மட்டும்தான் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன் வந்ததைப் பற்றி அது எப்படிச் சொல்லும்? வலி இல்லையே என்ற ஆறுதலும் வேண்டாம். புற்றுக்கட்டிகள் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. உங்கள் வயதில் இப்படித் தட்டுப்படுபவற்றில் பெரும்பாலானவை நீர்க்கட்டியாகவோ ஃபைப்ரோஅடினோமா என்ற புற்றல்லாத கட்டியாகவோ முடிகின்றன என்பதும் உண்மைதான். எது என்று பார்த்த பிறகு நிம்மதியாக இருங்கள். இந்த வாரமே போங்கள்.

போகும்போது வீட்டில் யாராவது, ஊசி குத்தினால் பரவிவிடும் என்று தடுப்பார்கள். நம் பக்கத்தில் இந்தப் பயம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மெல்லிய ஊசியால் திசுத் துணுக்கு எடுத்துப் பார்ப்பதுதான் உலகம் முழுவதும் நடைமுறை. அதனால் நோயாளியின் ஆயுள் குறைந்ததாக ஆய்வுகள் எதுவும் காட்டவில்லை. எதுவென்று தெரியாமலே நேராகக் கத்தி வைத்துக் கட்டியை எடுப்பதுதான் தவிர்க்க வேண்டியது.

இனி மற்றக் கேள்விகளுக்கு வருகிறேன். தடிப்பு ஒன்றுமில்லை என்று தெளிந்த பிறகு, வருகிற ஆண்டுகளுக்கு இவை உங்களுக்குப் பயன்படும்.

பை-ராட்ஸ் என்பது மேமோகிராம் அறிக்கைக்குத் தரும் எண்; 1 என்றால் குறை எதுவும் தென்படவில்லை என்று பொருள். ஆனால் உங்கள் அறிக்கையில் நீங்கள் கவனிக்க வேண்டியிருந்தது ‘பை-ராட்ஸ் 1’ அல்ல; ‘அடர்த்தி சி’. மார்பகத்தில் கொழுப்பும் உண்டு, சுரப்பித் திசுவும் உண்டு. எக்ஸ்ரேயில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பி வெள்ளையாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால் புற்றுக்கட்டியும் வெள்ளைதான். வெள்ளை வேட்டியில் ஒட்டிய பஞ்சைத் தேடுவது போல, அடர்த்தியான மார்பகத்தில் அதைத் தேட வேண்டியிருக்கிறது. அடர்த்தியை ஏ, பி, சி, டி என்று நான்காகப் பிரிப்பார்கள். சியும் டியும் அடர்த்தியானவை. இது நோய் அல்ல. நாற்பதுகளில் மிகச் சாதாரணம். மெனோபாஸுக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடும். ஆனால் படத்தின் நம்பகத்தன்மையை அது குறைக்கிறது. தவிர, அடர்த்தி அதிகமாக இருப்பதே புற்றுநோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டவும் செய்கிறது. அமெரிக்காவில் 2024 செப்டம்பரிலிருந்து, மார்பக அடர்த்தியைப் பற்றி ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டப்படியான கட்டாயம். உங்கள் மையம் எழுதியிருக்கிறது, ஆனால் விளக்கவில்லை. நார்மல் என்ற ஒற்றைச் சொல்லில் விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

ஃபிலிமில் எடுத்த காலத்தில் இந்தக் குறை இன்னும் பெரிது. டிஜிட்டல் வந்தபோது, அது உண்மையிலேயே மேலானதா என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் 49,528 பெண்களைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் இரண்டு முறையிலும் படம் எடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவு சுவாரசியமானது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் 50 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், அடர்த்தியான மார்பகம் கொண்டவர்கள், மாதவிடாய் நிற்காதவர்கள் ஆகிய மூன்று பிரிவினருக்கும் டிஜிட்டல் தெளிவாக மேல். நீங்கள் மூன்றிலும் இருக்கிறீர்கள். ஆகவே பழையது வீண் என்று உங்கள் மையத்தார் சொன்னது வியாபாரப் பேச்சு. போன வருடம் எடுத்தது நல்ல டிஜிட்டல் படமாக இருந்தால் அது வீணல்ல.

நல்ல டிஜிட்டல் என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டிஜிட்டல் என்ற பலகைக்குப் பின்னால் இரண்டு வகை உண்டு. ஒன்று, எக்ஸ்ரேயை நேரடியாகவே கணினிப் படமாக மாற்றும் இயந்திரம். மற்றது, பழைய ஃபிலிம் இயந்திரத்திலேயே ஃபிலிமுக்குப் பதில் ஒரு கேசட் தட்டைச் செருகி, பிறகு அதை வேறொரு கருவியில் படிக்க வைப்பது. சி.ஆர். என்பார்கள். செலவு குறைவு என்பதால் நம் ஊர்களில் பரவியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அரசுத் திட்டத்தின் கணக்கையே எடுத்து 2013இல் ஒப்பிட்டபோது, நேரடி டிஜிட்டல் ஆயிரம் பெண்களில் 4.9 புற்றுநோயையும் பழைய ஃபிலிம் 4.8ஐயும் கண்டுபிடித்திருக்க, சி.ஆர். 3.4 மட்டுமே கண்டுபிடித்திருந்தது. அந்த மாகாணம் சி.ஆர். இயந்திரங்களைக் கழித்துக்கட்டியது. ஆகவே 3டி இருக்கிறதா என்று கேட்பதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியது, உங்கள் 2டி இயந்திரம் நேரடி டிஜிட்டலா, சி.ஆரா என்பதுதான். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் வரவேற்பில் இருப்பவர் விழிப்பார், டெக்னீஷியனுக்குத் தெரியும்.

இப்போது 3டி. மருத்துவப் பெயர் டோமோசிந்தசிஸ். மார்பகத்தை அழுத்தி வைத்துக்கொண்டு, எக்ஸ்ரே குழாய் ஒரு வில்லாக நகர்ந்தபடி பல கோணங்களில் குறைந்த அளவில் படம் எடுக்கும். கணினி அவற்றை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய அடுக்குகளாக்கித் தரும். சாதாரணப் படத்தில் மேலும் கீழுமாக இருக்கும் திசுக்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இல்லாத கட்டியை இருப்பதாகக் காட்டும். இருக்கும் கட்டியை மறைக்கும். அடுக்கடுக்காகப் பார்க்கும்போது இரண்டும் குறைகின்றன. அமெரிக்காவில் 13 மையங்களின் நான்கரை லட்சம் பரிசோதனைகளைத் தொகுத்து 2014இல் வெளியிட்ட கணக்கில், மேல் பரிசோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு 107இலிருந்து 91ஆகக் குறைந்தார்கள். கண்டுபிடிக்கப்பட்ட புற்றுநோய் 4.2இலிருந்து 5.4ஆக உயர்ந்தது. ஸ்வீடனின் மால்மோ நகர ஆய்வில் ஆயிரத்துக்கு 6.5 என்பது 8.7 ஆனது. ஆனால் நார்வேயின் பெர்கன் நகரில் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டபோது 3டிக்கும் 2டிக்கும் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு இல்லை. கண்டுபிடிப்பது கூடியதால் மரணம் குறைந்ததா என்பதோ இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அமெரிக்காவில் 2017இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு, 3டியால் பின்னாளில் முற்றிய புற்றுநோய்கள் குறைகின்றனவா என்பதைத்தான் ஆராய்கிறது.

என் கணிப்பு: 3டி நல்ல முன்னேற்றம்; மாயம் அல்ல. உங்களைப் போல் அடர்த்தி சி உள்ளவருக்கு, கட்டணம் பாரமில்லை என்றால் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம். 3டிக்குப் பணம் சேரட்டும் என்று பரிசோதனையை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதுதான் இதில் பெரிய நஷ்டம். எடுப்பதானால், 2டி படத்தைத் தனியாக எடுக்கிறார்களா, 3டி தரவிலிருந்தே கணினி உருவாக்குகிறதா என்று கேளுங்கள். தனியாக எடுத்தால் கதிர்வீச்சு ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கதிர்வீச்சு என்றதும் உங்கள் தோழி நினைவுக்கு வருகிறார். இரு மார்பகங்களையும் இரண்டு கோணங்களில் எடுக்கும் வழக்கமான மேமோகிராமில் உடலுக்குச் சேருவது சுமார் 0.4 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதனுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் எப்படியும் வந்து சேர்கிறது. அதில் இரண்டு மாதப் பங்குதான் இது. நாற்பது தாண்டியவர் இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. இருபது வயதுப் பெண்ணை ஆண்டுதோறும் மேமோகிராமுக்கு அனுப்புகிறேன் என்று யாராவது சொன்னால் அப்போது நானே சண்டைக்கு வருவேன்.

ஸ்கேன் போதும் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உங்களுக்கு முக்கியம். அடர்த்தியான மார்பகத்தில் எக்ஸ்ரே தடுமாறும் இடத்தில் அல்ட்ராசவுண்ட் தடுமாறுவதில்லை. சுரப்பி வெள்ளையாகவும் கட்டி கறுப்பாகவும் தெரியும். ஜப்பானில் இதை நாற்பதுகளில் இருக்கும் பெண்களிடமே, ஏறத்தாழ 73,000 பேரைச் சேர்த்துச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மேமோகிராம் மட்டும், பாதிப் பேருக்கு மேமோகிராமுடன் அல்ட்ராசவுண்ட். 2016இல் வந்த முடிவின்படி, இருக்கும் புற்றுநோயைப் பிடிக்கும் திறன் முதல் குழுவில் 77 சதவீதம், இரண்டாம் குழுவில் 91 சதவீதம். நாற்பதுகளில் அடர்த்தியான மார்பகம் அதிகம் காணப்படும் ஆசியப் பெண்களிடம் நடந்த ஆய்வு என்பதால், அமெரிக்கக் கணக்கைவிட இது உங்களுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். அதற்கு விலையும் உண்டு: நோய் இல்லாதவர்களை இருக்குமோ என்று மீண்டும் அழைப்பது கூடியது. கவனியுங்கள், அந்த ஆய்வில் எவருக்கும் ஸ்கேன் மட்டும் செய்யவில்லை. மிக ஆரம்பகட்டப் புற்றுநோய் பல நேரங்களில் கட்டியாக இல்லாமல், பால் நாளங்களுக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களாகத்தான் முதலில் தலைகாட்டும். அதை எக்ஸ்ரே அழகாகக் காட்டும். அல்ட்ராசவுண்ட் பெரும்பாலும் விட்டுவிடும். தவிர, ஸ்கேன் என்பது அதைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது. அவசரமாக ஐந்து நிமிடத்தில் முடித்தால் அது ஸ்கேன் அல்ல.

எம்ஆர்ஐ பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்லக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. நெதர்லாந்தில் மிக அடர்த்தியான, அதாவது டி பிரிவுப் பெண்களுக்கு மட்டும் எம்ஆர்ஐ சேர்த்துப் பார்த்தார்கள். இரண்டு பரிசோதனைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் திடீரென்று தோன்றும் புற்றுநோய், எம்ஆர்ஐக்கு அழைக்கப்பட்டவர்களிடம் ஆயிரத்துக்கு 5 என்பதிலிருந்து 2.5ஆகப் பாதியானது. மார்பக, சூலகப் புற்றுநோய் வாய்ப்பைப் பரம்பரையாகக் கூட்டும் பிராகா (BRCA) மரபணுக் கோளாறு உள்ளவர்களுக்கும் எம்ஆர்ஐ அவசியம். நீங்கள் சி, உங்களுக்கு இப்போது வேண்டாம்.

வெப்பக் கேமராத் தாளைக் கிழித்துப் போடுங்கள். தோலின் சூடு உள்ளே இருப்பதை நம்பகமாகக் காட்டுவதில்லை. மேமோகிராமுக்கு மாற்றாக இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பலமுறை எச்சரித்திருக்கிறது. இது மரணத்தைக் குறைத்ததாக ஓர் ஆய்வும் இல்லை. தொட வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை என்பதெல்லாம் உண்மைதான். கூச்சத்தால் பரிசோதனைக்கு வராத பெண்களுக்கு அது கவர்ச்சியாக இருப்பதும் புரிகிறது. ஆனால் தடிப்பு இருக்கும் உங்கள் கையில் ‘பிரச்சினை இல்லை’ என்று ஒரு தாளைக் கொடுத்தார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

இத்தனை முறைகளையும் பேசிவிட்டு, அடிப்படைக் கணக்கைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பிரிட்டனில் 40 வயதை ஒட்டிய பெண்கள் 1,60,000 பேரை வைத்து நடந்த நீண்ட ஆய்வில், நாற்பதுகளில் ஆண்டுதோறும் மேமோகிராமுக்கு அழைக்கப்பட்டவர்களிடையே முதல் பத்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் மரணம் 25 சதவீதம் குறைந்தது. எண்ணிக்கையில் பார்த்தால், சுமார் 1,150 பேர் எடுத்துக்கொண்டால் ஒரு மரணம் தவிர்க்கப்படுகிறது. மற்ற 1,149 பேருக்கு உயிர் ஆதாயம் இல்லை. அவர்களில் பலருக்குப் பொய்யான பயமும் மறுபரிசோதனையும் மிச்சம். ஐம்பதுக்கு மேல் ஆதாயம் கூடும். கூடவே இன்னொரு தொல்லையும் வரும். வாழ்நாள் முழுவதும் உபத்திரவம் தராமலே இருந்திருக்கக்கூடிய மந்தமான புற்றுநோய்களையும் படம் காட்டிக்கொடுத்துவிடும். அவற்றுக்கும் அறுவையும் கதிர்சிகிச்சையும் நடக்கும். பிரிட்டனில் 2012இல் மைக்கேல் மார்மட் தலைமையிலான குழு, ஒரு மரணம் தவிர்க்கப்படும்போது மூன்று பேருக்கு இப்படித் தேவையற்ற சிகிச்சை நடக்கிறது என்று மதிப்பிட்டது. இதெல்லாம் தெரிந்த பிறகும் என் வீட்டுப் பெண்களுக்கு மேமோகிராமைப் பரிந்துரைக்கிறேன். தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

இயந்திரமே இல்லாத ஊரில் என்ன செய்வது என்ற கேள்விக்கு மும்பை பதில் சொல்லியிருக்கிறது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள், குடிசைப் பகுதிகளைச் சேர்ந்த 1,51,538 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள், புற்றுநோய் விழிப்புணர்வும் தந்தார்கள்; மேமோகிராம் இல்லை. நோய் முற்றாத நிலையில் பிடிபட்டது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே அந்த ஆதாயம் தெரியவில்லை. அதனால் உங்களுக்கு அது மேமோகிராமுக்கு ஈடாகாது. ஆனால் கிராமத்தில் இருக்கும் உங்கள் அம்மாவையோ பெரியம்மாவையோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி வைத்தால், பெயருக்குச் செய்யும் காரியம் என்று நினைக்காதீர்கள்.

ஆக, தடிப்பு தீர்ந்த பிறகு உங்களுக்கு நான் சொல்வது: நேரடி டிஜிட்டல் மேமோகிராமும் அதோடு கவனமாகச் செய்த அல்ட்ராசவுண்டும், மெனோபாஸ் வரை ஆண்டுக்கு ஒருமுறை. நாற்பதுகளில் வரும் கட்டிகள் வேகமாக வளர்வதால் இடைவெளியை நான் குறுக்குகிறேன். அமெரிக்க அரசின் பரிந்துரைக் குழு 40 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது, அது தவறல்ல. 3டி கைக்கெட்டினால் 2டிக்குப் பதிலாக அது. சாதாரண மேமோகிராமும் ஸ்கேனும் எடுக்கத்தான் பணம் இருக்கிறது, 3டிக்கு இல்லை என்றால் தயங்காமல் ஸ்கேனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படிப்பவர் யார் என்பதையும் விசாரியுங்கள். தினமும் மேமோகிராம் படிக்கும் ரேடியாலஜிஸ்ட் சாதாரணப் படத்தில் காண்பதை, மாதம் நான்கு படம் பார்ப்பவர் விலையுயர்ந்த படத்திலும் தவறவிடுவார். செயற்கை நுண்ணறிவு பார்க்கிறது என்று விளம்பரம் செய்தாலும் இதே கேள்விதான். ஸ்வீடனில் 80,000 பெண்களிடம் நடந்த ஆய்வில் அது நன்றாகவே உதவியது, படிக்கும் வேலையையும் 44 சதவீதம் குறைத்தது. ஆனால் ஒவ்வொரு படத்தையும் அனுபவமுள்ள மருத்துவர் பார்த்தார்.

மாதவிடாய் முடிந்த அடுத்த வாரத்தில் போனால் அழுத்தும்போது வலி குறையும். அன்று பவுடரும் டியோடரண்டும் வேண்டாம். அவற்றின் துகள் படத்தில் சுண்ணாம்புப் படிவைப் போலவே தெரியும். பழைய படங்களைச் சிடியோடு கொண்டுபோங்கள். அறிக்கையில் ‘பை-ராட்ஸ் 0’ என்று வந்தால் அதற்குப் புற்றுநோய் என்று பொருளில்லை. இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். 4 அல்லது 5 வந்தால் பயாப்சியைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாமியாரின் நோயைப் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். அவருக்கும் உங்களுக்கும் இரத்தத் தொடர்பு இல்லை. அதனால் உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் கூடவில்லை. கணக்கில் வர வேண்டியவர் உங்கள் நாத்தனார். தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. 58 வயதில், குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் அது பரம்பரை மரபணுவால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் மாமியாரின் பயாப்சி அறிக்கையில் ‘டிரிபிள் நெகட்டிவ்’ (ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்2வும் இல்லாத வகை) என்று இருந்தாலோ, அந்தக் குடும்பத்தில் வேறு யாருக்காவது சூலகப் புற்றுநோயோ ஐம்பதுக்குள் மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தாலோ மரபணு ஆலோசனை தேவை. மாமியாரிடம்தான் முதலில் சோதிக்க வேண்டும். அவரிடம் கோளாறு இருந்தால் உங்கள் கணவருக்கும் வந்திருக்கலாம். அவர் வழியாக உங்கள் மகளுக்கும் மகனுக்கும் போகலாம். அப்பா வழியில் வராது என்று நினைத்துப் பலர் இதைச் சொல்வதே இல்லை. அந்த அறிக்கையைத் தேடி எடுத்து, நாத்தனாரிடம் ஒரு நகல் கொடுங்கள். அவருக்கு நாற்பது ஆகியிருந்தால் மேமோகிராமுக்குத் தேதி வாங்கச் சொல்லுங்கள்.